குளிர் தாங்கும் திராட்சைக்கு எந்தக் காட்டு இனம்: ரிப்பேரியாவா, அமுரென்சிஸா?

பயிர்த் திராட்சையோடு காட்டு இனத்தைக் கலந்து உறைபனி ஊர்களுக்குப் புதுத் திராட்சை ரகம் உருவாக்க நினைப்பவர்கள் இந்த இரண்டில்தான் குழம்புவார்கள்.

பிறப்பிடம்: ரிப்பேரியா, வட அமெரிக்க ஆற்றங்கரைகள். அமுரென்சிஸ், வடகிழக்குச் சீனா, ரஷ்யத் தூரக்கிழக்கு.

குளிர்: நடுக்குளிர்காலத்தில் இரண்டின் மொட்டுகளும் மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும். ஆனால் இந்தக் குணம் பல மரபணுக்கள் சேர்ந்து தருவது. ஒரே கலப்பில் முழுசாக வந்துவிடாது. பகல் குறுகியதுமே ரிப்பேரியா வளர்ச்சியை நிறுத்தி உறக்கத்துக்குத் தயாராகிவிடும். அதன் பெரிய பலமே இதுதான் என்பேன். வசந்தத்தில் இரண்டுமே அவசரக்காரர்கள், பின்பனியில் துளிர் கருகும்.

பூச்சி, நோய்: வேரைத் தாக்கும் பூச்சியான வேர்ப்பேனை ரிப்பேரியா சமாளிக்கும், அமுரென்சிஸ் சமாளிக்காது. ஈரத்தில் இலைகளைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கோ, எதிர்ப்புத் தரும் அமுரென்சிஸின் ஆர்பிவி10, ஆர்பிவி12 மரபிடங்கள் (மரபுத்தொகுதியில் அந்தக் குணம் இருக்கும் இடங்கள்) அருமையான சொத்து.

சரி, எது யாருக்கு? முன்கூட்டியே குளிர் இறங்கும், வேர்ப்பேன் உள்ள மண்ணுக்கு ரிப்பேரியா. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்டெனாக் ரகம் அதன் வாரிசுதான். அடிச்சாம்பல் வாட்டும் ஈரமான இடத்துக்கு அமுரென்சிஸ், வேர்ப்பேன் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி.