ஸ்டிச்சா, டூத்லெஸ்ஸா? ஒரே வயிற்றுப் பிள்ளைகளின் ரீமேக் பந்தயம்

2025 மே 23ஆம் தேதி, பழைய அனிமேஷன் படத்தை நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த டிஸ்னியின் ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ ரீமேக் வெளியானது. சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 13 அன்று, அதே மாதிரி ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ ரீமேக். வேறு வேறு ஸ்டூடியோ, வேறு வேறு கதை. ஆனால் இரண்டின் மூலப் படங்களையும் சேர்ந்து இயக்கியவர்கள் அதே இருவர்: கிறிஸ் சாண்டர்ஸ், டீன் டெப்ளுவா. டிஸ்னியில் இருந்தபோது 2002இல் லிலோ. ட்ரீம்வொர்க்ஸில் 2010இல் டிராகன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், லிலோ வளர்க்கும் வேற்றுக்கிரக ஜந்து ஸ்டிச்சின் முகஜாடை, டிராகன் டூத்லெஸ்ஸிடம் அப்படியே தெரியும். அகன்ற வாய், பெரிய கண், காதை மடக்கி முறைக்கும் விதம் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி.

ஹாலிவுட்டின் ரீமேக் மோகத்தைப் பற்றிச் சண்டை போட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ஒரு ரீமேக் மூலத்தை ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி பின்பற்றியது. இன்னொன்று துணிந்து கை வைத்தது. எது தேறியது?

வசூலை முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லிலோ ரீமேக் உலகம் முழுக்க 100 கோடி டாலரைத் தாண்டியது. டிராகன் 60 கோடி டாலருக்கு மேல். அதே வருடம் மார்ச்சில் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. ஆக, ரீமேக் என்றாலே கல்லா நிரம்பும் என்பதும் பொய், மக்களுக்கு ரீமேக் சலித்துவிட்டது என்பதும் பொய். ஸ்டிச் பொம்மை இருபது வருடமாகக் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தது. அந்தப் பொம்மையோடு வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். இந்தப் படத்தை முதலில் டிஸ்னி ஓடிடியில் மட்டும் விடத்தான் நினைத்திருந்தார்கள் என்பது வேடிக்கை.

சரி, படங்களுக்கு வருவோம்.

2002 லிலோ டிஸ்னியின் வழக்கமான பிரம்மாண்டம் இல்லை. தலைமையகத்தில் இருந்து தள்ளி, ஃபுளோரிடா கிளையில் சிறிய அளவில் எடுத்த படம். பின்னணி ஓவியங்களுக்கு 1940களின் ‘டம்போ’ காலத்தோடு டிஸ்னி கைவிட்டிருந்த நீர்வண்ணத்தை மீண்டும் எடுத்தார்கள். ஹவாயின் ஒரு தீவு. பெற்றோர் விபத்தில் இறந்துவிட, 19 வயது அக்கா நானி தன் சின்னத் தங்கை லிலோவை வளர்க்கத் திணறுகிறாள். சமூகநலத் துறை அதிகாரி கதவைத் தட்டுகிறார். வேலை போகிறது. இதற்கு நடுவே நாய் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது, வேற்றுக்கிரக ஆய்வுக்கூடத்தில் உருவான அழிவு இயந்திரம். ஒரு குழந்தைகள் படத்தில் வறுமை, இழவு, அதிகாரியிடம் பயம் மூன்றும் இவ்வளவு நேராக வந்தது எனக்கு அப்போதே ஆச்சரியம். 85 நிமிடம்தான். எங்கும் இழுக்காது.

அந்தப் படம் முழுக்க ஒரே ஒரு சொல்லில் தொங்குகிறது: ஒஹானா. ஒஹானா என்றால் குடும்பம், குடும்பம் என்றால் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. கடைசியில் ஸ்டிச் மட்டுமல்ல, அவனைப் பிடிக்க வந்த விஞ்ஞானி ஜும்பாவும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். அதிகாரிகூட ஆல்பத்துப் புகைப்படங்களில் இருக்கிறார். துரத்தி வந்தவனுக்கும் இலை போட்ட படம் அது.

2025 ரீமேக்கை இயக்கியவர் டீன் ஃப்ளீஷர் கேம்ப். லிலோவாக நடித்த மாயா கெயாலோஹா என்ற சிறுமியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படத்தை முதுகில் சுமப்பதே அவள்தான். ஸ்டிச்சுக்கு மறுபடியும் கிறிஸ் சாண்டர்ஸே குரல் கொடுத்திருக்கிறார். மூலத்தில் நானிக்குக் குரல் கொடுத்த டியா கரேரே இதில் சமூகநலத் துறைப் பெண்மணியாக வருகிறார். அன்று தங்கையைப் பறிகொடுத்துவிடக் கூடாது என்று தவித்த அதே குரல், இன்று அதிகாரியின் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிறது. தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, படத்தின் மிக நுட்பமான இடம் எனக்கு அதுதான்.

ஆனால் கிளைமாக்ஸுக்குப் பிறகு நானி லிலோவைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு, கடல் உயிரியல் படிக்க சான் டியாகோவுக்குப் போகிறாள். நினைத்தபோது வந்து பார்க்க ஒரு வேற்றுக்கிரகத் துப்பாக்கி, சுவரில் வாசல் திறக்கும். ஜும்பாவோ கடைசிவரை வில்லன். மேசையில் இரண்டு நாற்காலி காலி.

படம் வந்ததும் ரசிகர்கள் கொதித்தது இதற்குத்தான். எதிர்வாதமும் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. 19 வயதுப் பெண் தன் படிப்பை, ஆசையை எல்லாம் தங்கைக்காகப் புதைத்துவிடுவதைத் தியாகம் என்று கொண்டாடுவது சரியா? உறவிலோ அக்கம்பக்கத்திலோ இன்னொருவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் ‘ஹானாய்’ என்ற வழக்கம் ஹவாயில் உண்டு; திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் ஹவாய்க்காரரும்கூட. ஆகவே மண் தெரியாதவர்கள் செய்த தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

என் குறை வேறு. முடிவை மாற்றினால், அந்த முடிவுக்குக் கதை முன்னாலேயே தயாராக வேண்டும். இங்கே முதல் முக்கால் படம் பழைய கதையையே நடத்துகிறது: அக்கா தங்கையை விடக் கூடாது, விடக் கூடாது என்று நம்மைப் பதற வைக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில், விட்டாலும் பரவாயில்லை என்கிறது. அந்த மாயத் துப்பாக்கி வேறு. பிரிவு என்று சொல்லிவிட்டுப் பிரிவின் வலியை அதுவே துடைத்துவிடுகிறது. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு படங்களையும் ஒரே வார இறுதியில் பார்த்தாள். புதியதின் முடிவில் அவள் கேட்டது, “அந்தத் துப்பாக்கி முன்னாடியே இருந்துச்சே, அப்போ எதுக்கு எல்லாரும் அழுதாங்க?” விமர்சனம் எழுதுகிறவர்களுக்கே தோன்றாத கேள்வி.

டிராகன் ரீமேக்கில் இந்தத் தலைவலியே கிடையாது, ஏனென்றால் மாற்றமே கிடையாது. டெப்ளுவா தன் படத்தைத் தானே மறுபடி எடுத்தார். ரீமேக் அலையில் தனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை என்றும், யாரோ எடுப்பதற்குத் தானே எடுத்துவிடலாம் என்று இறங்கியதாகவும் பேட்டிகளில் சொன்னவர். ஆக, பழைய ஜோடியில் ஒருவர் மைக் முன்னால், இன்னொருவர் டைரக்டர் நாற்காலியில். எந்த ரீமேக் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

விசுவாசம் என்றால் அப்படி ஒரு விசுவாசம். வைக்கிங் சிறுவன் ஹிக்கப் மணலில் டிராகனை வரைவது, டூத்லெஸ் ஒரு மரத்தையே பிடுங்கிக் கோடு கிழிப்பது, கோட்டை மிதித்தால் உறுமுவது, கடைசியில் ஹிக்கப் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவது. வசனமே இல்லாத அந்தக் காட்சி 2010இல் எப்படி நகர்ந்ததோ, அதே தாளத்தில் நகர்கிறது. இசையும் அதே ஜான் பவல். 2010 படம் 98 நிமிடம், இது 125. கூடுதல் நேரம் பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்குப் போகிறது: ஆஸ்ட்ரிட்டுக்குத் தலைவியாகும் ஆசை, ஸ்னாட்லவுட்டுக்கு அப்பா தன்னை மெச்ச வேண்டும் என்ற ஏக்கம் என்று கொஞ்சம் கொஞ்சம். இருந்தால் தப்பில்லை, இல்லாவிட்டாலும் தேடமாட்டோம்.

பிறகு எதற்கு இதைப் பார்க்க வேண்டும்? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, பறக்கும் காட்சிகள். கடலோரப் பாறைகளும் அந்தச் சாம்பல் நிற வானமும் கீழே விரியும்போது, அனிமேஷனில் குதூகலமாக இருந்த உயரம் இங்கே வயிற்றைக் கலக்குகிறது. விழுந்தால் செத்துப்போவான் என்ற நினைப்பு முதல் முறையாக வருகிறது. இரண்டு, ஜெரார்ட் பட்லர். மூலத்தில் அப்பா ஸ்டாயிக்குக்குக் குரல் கொடுத்தவர், ரீமேக்கில் அதே அப்பாவாக நடிக்கிறார். மகனை நீ என் மகனே இல்லை என்று தள்ளிவிட்டு வெளியே வந்து நிற்கும்போது, தாடிக்கு மேலே கண்கள் மட்டும் நடிக்கின்றன. பொம்மை முகத்தில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. ரீமேக்குக்கு நியாயம் அந்த ஒரு நிமிடம்.

அச்சு அசலான நகல் எப்போதும் இப்படித் தப்பித்துவிடாது. 1998இல் கஸ் வான் சான்ட், ஹிட்ச்காக்கின் 1960 ‘சைக்கோ’வை அதே திரைக்கதை, கிட்டத்தட்ட அதே ஷாட்டுகள், அதே பெர்னார்ட் ஹெர்மன் இசையோடு வண்ணத்தில் எடுத்தார். யாரும் பயப்படவில்லை. குளியலறைக் கத்தி எப்போது வரும் என்று படம் பார்க்காதவருக்கும் தெரிந்திருந்த காலம் அது. திடுக்கிடலை நம்பிய கதை நகலெடுத்தால் செத்துவிடும்; பாசத்தை நம்பிய கதைக்கு அந்த ஆபத்து குறைவு. டூத்லெஸ் கையில் முகம் வைப்பான் என்று தெரிந்தேதான் நாம் காத்திருக்கிறோம்.

பாசக் கதையையும் கெடுக்கலாம் என்பதற்கு 2019 ‘லயன் கிங்’ இருக்கிறது. லைவ் ஆக்‌ஷன் என்று ஊரே சொன்ன அந்தப் படத்தில் நிஜமாகக் கேமராவில் எடுத்தது தொடக்கச் சூரிய உதயம் ஒன்றுதான்; மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். நிஜச் சிங்கம் போலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில், அப்பா செத்துக் கிடக்கும்போதும் குட்டியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வசூல் 160 கோடி டாலருக்கும் மேல். தமிழ் டப்பிங்கில் அரவிந்த்சாமியின் ஸ்கார் குரல் இல்லையென்றால் நான் தூங்கியிருப்பேன்.

அப்படியானால் மாற்றி எடுத்துத் தேறிய படம் எது? லிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் இருப்பது, குழந்தைகளுக்குக் காட்டவே முடியாத ஒன்று: மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி டிபார்ட்டட்’, 2006. அதன் மூலம் 2002இல் வந்த ஹாங்காங் படம் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’. போலீஸில் ஒளிந்திருக்கும் ரவுடி, ரவுடிக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் போலீஸ், ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள்.

ஹாங்காங் படத்தின் சீனத் தலைப்பு பௌத்தத்தின் அவீசி நரகத்தைக் குறிப்பது. இடைவிடாத துன்பம் உள்ள கடைசி நரகம். அதனால்தான் அங்கே துரோகி சாவதில்லை. நல்லவன் வேடத்தில் உயிரோடு இருப்பதே அவனுக்குத் தண்டனை. அமெரிக்காவில் அந்த நரகம் எடுபடாது என்று திரைக்கதை எழுதிய வில்லியம் மோனஹனுக்குப் புரிந்திருக்கிறது. கதையை பாஸ்டனின் ஐரிஷ் கத்தோலிக்கத் தெருக்களுக்குக் கொண்டுபோனார். தாதாவே எஃப்பிஐக்கு ரகசியத் தகவல் கொடுப்பவன் என்று ஒரு முடிச்சைச் சேர்த்தார். பாஸ்டனில் வைட்டி பல்ஜர் என்ற நிஜ தாதா விவகாரத்தில் வெளிவந்த அதே நாற்றம். கடைசியில் துரோகி வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டுச் சாகிறான். மூலத்தின் முடிவுக்கு நேர் எதிர், ஆனால் முதல் காட்சியிலிருந்தே அந்தத் தோட்டா வந்துகொண்டிருந்தது. 101 நிமிடப் படம் 151 நிமிடம் ஆனது. ஆஸ்கரில் சிறந்த படம் உள்பட நான்கு விருது.

லிலோவும் இதைத்தான் செய்யப் பார்த்தது, முடிவைத் திருப்பியது. ஆனால் மோனஹன் வேரிலிருந்து நட்டார். இவர்கள் கிளையில் பூவைக் கட்டிவிட்டார்கள். இருந்தும் ஹாங்காங் படமா, பாஸ்டன் படமா என்று கேட்டால் நான் ஹாங்காங் பக்கம்தான். மொட்டை மாடியில் டோனி லியுங் நிற்கும் அந்த ஒரு காட்சியின் களைப்பை, டிகாப்ரியோ அத்தனை கத்திக் காட்டியும் தொடவில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய, தெரியும்.

டெப்ளுவாவைப் போலத் தன் படத்தைத் தானே எடுத்தவர்கள் முன்பும் உண்டு. ஹிட்ச்காக் 1934இல் எடுத்த ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தை 1956இல் மறுபடி எடுத்தார். அன்று பழைய படத்தைத் தேடிப் பார்ப்பது குதிரைக்கொம்பு, அதனால் ரீமேக்குக்கு ஒரு தேவை இருந்தது. இன்று பழையதும் புதியதும் ஒரே ரிமோட்டில் இருக்கின்றன. 2016இல் வந்த ‘மோவானா’வைக்கூட நிஜ மனிதர்களை வைத்து மறுபடி எடுத்தாயிற்று, அந்தப் படம் பார்த்த பிள்ளைகளுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 2002 லிலோவை முதலில் போடுங்கள், புதியதற்கு அவசரமே இல்லை. வளர்ந்த பிறகு, நானி போனது சரியா என்று அவர்களோடு வாதாட 2025 படம் உதவும். அந்த வகையில் அது டிராகனைவிடப் பேசத்தக்க படம்தான். டிராகனில் நான் தலைகீழாகச் சொல்வேன். இரண்டையும் பார்க்காதவர், பெரிய திரை வாய்த்தால் புதியதைப் பார்க்கலாம், டிவி என்றால் பழையது. படமாக எது தேறியது என்றால் டிராகன், சந்தேகமில்லை.

டிராகன் ரீமேக்கின் அடுத்த பாகத்தை 2027 ஜூனில் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறார்கள். 2014இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஸ்டாயிக்குக்கு என்ன ஆகும் என்று தெரியும். அந்தக் காட்சியையும் டெப்ளுவா ஷாட் மாறாமல் எடுப்பாரா, இல்லை பட்லர் கண்ணை நம்பிக் கொஞ்சம் நிறுத்துவாரா என்று பார்க்கவாவது டிக்கெட் எடுப்பேன். அக்கா மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இரண்டாம் பாகத்தை அவளிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறேன்.