தனி நேர்காணலா, குழுக் கலந்துரையாடலா?

தாதியர் பட்டப்படிப்பு ஆய்வுக்கு எதை எடுப்பது என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். நீரிழிவு கிளினிக்குக்கு வருபவர்களிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

ஆட்கள்: நேர்காணலுக்கு ஒரு தடவைக்கு ஒருவர் போதும். குழுவுக்கு 6 முதல் 10 பேர் ஒன்றாக வேண்டும். பஸ்ஸுக்கு ஓடுபவர்களை இருத்தி வைப்பது பெரும்பாடு.

எழுத்தாக்கம்: ஒரு மணி நேர நேர்காணல் ஒலிப்பதிவை எழுத 4 மணி நேரமாவது போகும். குழுவில் குரல்கள் கலப்பதால் இன்னும் கூட.

மனம் திறத்தல்: எனக்கு இதுதான் முக்கியம். ஊசிக்குப் பயந்து இன்சுலினை விட்டதை ஒரு அம்மா தனியே சொல்வார். அயலவர் முன் வாய் திறக்கமாட்டார். குழுவில் இரகசியம் காப்பதும் உங்கள் கையில் மட்டும் இல்லை.

சரி, சாப்பாட்டுப் பழக்கம் போன்ற பொதுச் சங்கதிக்குக் குழுவே நல்லது: ஒருவர் புட்டைப் பற்றித் தொடங்க, மற்றவர் மறுத்துப் பேசுவார். தாதியரையே கேட்பதானால், பொறுப்புத் தாதியை அந்த வட்டத்தில் இருத்தவேண்டாம்.