ஆத்சோரில் இரண்டு வாரமா, எருசலேமில் இரண்டு மணி நேரமா? மூன்று அகழாய்வு வாய்ப்புகள்

வேதாகம ஊர்களில் அகழாய்வுத் தன்னார்வலர் என்றால் உழைப்பும் நம்முடையது, காசும் நம்முடையது. பல நாள் அகழாய்வானால் தங்குமிடம், சாப்பாட்டுக்கு வாரக் கணக்கில் கட்ட வேண்டும்; விமானச் செலவும் காப்பீடும் தனி. அதனால் எங்கே போகிறோம் என்பதைவிட, எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

பொருள்கள் கையில் தட்டுப்பட வேண்டும் என்பவருக்கு மரேஷா. யோசுவா 15:44-இல் வரும் ஊர். ஆனால் தோண்டுவது யூதா ராஜாக்கள் காலத்து மண் அல்ல, கி.மு. 3, 2-ஆம் நூற்றாண்டு இதுமேயர் (ஏதோமியர் வழிவந்தவர்கள்) நகரம். வீடுகளுக்குக் கீழே மெத்தென்ற சுண்ணப்பாறையைக் குடைந்து கல் எடுத்து, அந்தக் குகைகளை எண்ணெய் ஆலையாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் புறாக்கூடாகவும் வைத்திருந்தார்கள். பிறகு அவை மண்ணும் உடைசலுமாக நிரம்பின. அதனால்தான் ஏறக்குறைய ஒவ்வொரு வாளியிலும் உடைந்த பானை ஓடு வருகிறது. சுமார் மூன்று மணி நேரம்: தோண்டுதல், வாளியை மேலே கடத்திச் சலித்தல், பிறகு தோண்டாத குகைக்குள் தவழ்ந்து போய் வருதல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூட்டுவலிக்காரருக்கும் அடைத்த இடம் ஆகாதவருக்கும் அந்தக் கடைசிப் பகுதி வேண்டாம்.

எருசலேம் ஆலய மலை மண்சலிப்பில் தோண்டவே வேண்டாம். 1999-இல் 'சாலொமோனின் குதிரை லாயங்கள்' எனப்படும் நிலத்தடி மண்டபத்துக்கு வாசல் அமைக்க இயந்திரங்கள் அள்ளிய மண், தொல்லியல் மேற்பார்வை இல்லாமல் லாரி லாரியாகப் போய் கீதரோன் பள்ளத்தாக்கில் கொட்டப்பட்டது. அந்த மண்ணை, தொல்லியலாளர்கள் கேப்ரியல் பார்க்காயும் சாக்கி த்விராவும் 2004-இல் தொடங்கிய குழு சலித்து வருகிறது. வாளியில் ஊறிய மண்ணைச் சல்லடையில் கவிழ்த்து, குழாய்த் தண்ணீர் பீய்ச்சி, பானை ஓடு, கண்ணாடி, எலும்பு, உலோகம், மொசைக் கல், செதுக்கிய கல் எனப் பிரிக்க வேண்டும். பலர் தவறுவது உலோகத்தில்தான்: பழைய காசு பச்சைப் பாசி பிடித்த கூழாங்கல் போலத்தான் இருக்கும். வழிகாட்டி பார்க்காமல் சல்லடையைக் கவிழ்க்காதீர்கள். இந்த மண்ணுக்கு அடுக்கு கிடையாது; கிடைத்த காசு எந்தத் தளத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற கேள்விக்கு இனி விடையே இல்லை. ஆனாலும் எட்டுப் பத்து நாள் புனித நாட்டுப் பயணத்தில் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

தொல்லியல் என்றால் என்னவென்று விளங்க வேண்டுமானால் ஆத்சோர், மெகிதோ போன்ற தொல்மேடுதான்: ஊர் மேல் ஊராக அடுக்கடுக்காய் எழுந்த மேடு. இரண்டிலும் சாலொமோன் கட்டியதாக 1 இராஜாக்கள் 9:15 சொல்கிறது. அங்குள்ள வாசல்கள் உண்மையில் அவர் காலத்தவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கே ஒரு நாள் முழுக்க எதுவும் கிடைக்காமல் போகலாம். விடியும் முன்பே வேலை தொடங்கி, மதியம் ஒரு மணி வாக்கில் முடியும். மாலையில் பானை ஓடு கழுவுதல். 5 மீட்டர்ச் சதுரக் குழி, ஓரத்தில் வெட்டாமல் விட்ட மண்சுவர், கையில் சின்னப் பிக்காசும் கொத்துக் கரண்டியும் தூரிகையும். மண் வாரும் 'தூரியா' நம்மூர் மண்வெட்டியேதான்.

புதியவர் செய்யும் பெரிய பிழை, மண்கல் சுவரையே வெட்டிவிடுவது. சுடாத மண்கல்லும் அதைச் சுற்றிய மண்ணும் ஒரே நிறம். அதிகாலைச் சாய்வெயிலில், ஈரம் காயும் முன்தான் கோடு தெரியும். ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் வெளுத்துவிடும். மண் குழைவாக மாறினால் கையை நிறுத்திக் குழி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்: பிற்காலத்தார் வெட்டிய குப்பைக்குழியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஒரே வாளியில் போட்டால், பழைய தளத்தின் காலக்கணக்கே குழம்பும். நீட்டிக்கொண்டிருக்கும் பானை ஓட்டைப் பிடுங்காதீர்கள். சுற்றிலும் சமமாக இறக்கினால் தானாக வரும். எந்த இடத்து மண் என்று எழுதிய வாளிச் சீட்டு மாறினாலோ அன்றைய உழைப்பு வீண். கழுவும்போது நேரே பிரஷ் வைத்துத் தேய்க்கக் கூடாது. ஆராத், லாகீஸ் ஓடுகளைப் போல மை எழுத்து இருந்தால் அதோடு போய்விடும். முதலில் நீரில் முக்கிப் பார்க்க வேண்டும்.

பல குழுக்கள் 18 வயது நிரம்பியவரை, இரண்டு வாரமாவது தங்குவதாக இருந்தால்தான் சேர்க்கும். அதற்குக் குறைத்துக் கேட்காதீர்கள். முதல் வாரம் கை பழகவே போய்விடும்.

யோர்தான் பக்கம் ஹிஸ்பானையும் யோசிக்கலாம். எமோரியரின் ராஜாவான சீகோனின் தலைநகர் எஸ்போனைத் தேடி 1968-இல் அங்கே இறங்கிய ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகக் குழுவுக்கு அந்தக் காலத்து நகரம் கிடைக்கவில்லை. இடத்தைக் கைவிடாமல், காலம்தோறும் மக்கள் என்ன விளைவித்தார்கள், என்ன தின்றார்கள் என்று கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். வசனத்துக்குச் சான்று தேடிப் போகிறவருக்கு இது ஒத்துவராது.

2023 அக்டோபரில் போர் தொடங்கிய பின் இஸ்ரேலில் பல அகழாய்வுப் பருவங்கள் ரத்தாயின. முன்பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு டிக்கெட் போடுங்கள். திரும்பும்போது ஒரு சின்னப் பானை ஓட்டைக்கூடப் பையில் போடாதீர்கள். இஸ்ரேலிலும் யோர்தானிலும் அகழ்ந்தெடுத்ததெல்லாம் அரசின் சொத்து.