பச்சைப் புள்ளியை நம்பி டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்ட இருந்தேன்

ஃபார்வர்டர் (கப்பல் நிறுவனத்துக்கும் நமக்கும் நடுவில் நின்று சரக்கை அனுப்பித் தருகிறவர்) மூலம் கன்டெய்னர் புக் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களோடு கணக்கு இன்னும் தீரவில்லை.

எங்களுடையது ஒரே ஒரு 40 அடிப் பெட்டி. விலைப்புள்ளி தந்தபோது அவர்கள் பெருமையாகக் காட்டியது ஒரு டிராக்கிங் பக்கம். வரைபடத்தில் கப்பல் பச்சைப் புள்ளியாக நகரும். "நீங்க போனே பண்ண வேண்டாம் சார், எல்லாம் இதுலயே தெரியும்" என்றார் விற்பனைக்காரர். நானும் போன் செய்யவில்லை. அதுதான் தப்பு.

அந்தப் புள்ளி கப்பலின் ஏஐஎஸ் சிக்னல், அதாவது கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாகவே அறிவிக்கும் ரேடியோ சிக்னல். கப்பல் எங்கே போகிறது என்று அது சொல்லும். என் பெட்டி அதில் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. இடையில் கப்பல் மாற்றும் துறைமுகத்தில் எங்கள் பெட்டி ஏறாமல் தங்கிவிட்டது. ரோல் ஓவர் என்பார்கள். அடிக்கடி நடப்பதுதான், அதற்காக யாரையும் திட்ட மாட்டேன். ஆனால் புக்கிங்கில் இருந்த கப்பலையே பக்கம் விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் கரை சேர்ந்ததும் 'வந்துவிட்டது' என்றது. லாரிக்குச் சொல்லி, கஸ்டம்ஸ் ஏஜென்ட்டையும் வரச்சொல்லி நின்றால், டெர்மினல் பட்டியலில் எங்கள் எண்ணே இல்லை.

சரி, கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நானே பார்க்கிறேன் என்று ஃபார்வர்டர் அனுப்பிய கன்டெய்னர் எண்ணைப் போட்டேன். ஏற்கவில்லை. கேட்டால் "சைட் அப்டேட் ஆகலை சார்" என்கிறார்கள். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டு வருவது. ஐஎஸ்ஓ 6346 விதி அப்படி. கணக்குப் போட்டேன், ஒத்துவரவில்லை. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருந்தார்கள். பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்கான ஆவணம்) எண்ணைப் போட்டுப் பார்க்கலாமென்றால் என்னிடம் இருந்தது ஃபார்வர்டர் எனக்குத் தந்த ஹவுஸ் பி.எல். கப்பல் நிறுவனத்தின் கணக்கில் இருப்பதோ அது ஃபார்வர்டருக்குத் தந்த மாஸ்டர் பி.எல். அதைக் கேட்டதற்கு "அது எங்க இன்டர்னல் டாகுமென்ட்" என்று முடித்துவிட்டார்கள்.

பெட்டி 11 நாள் கழித்து வேறு கப்பலில் வந்தது. பெட்டி வந்ததைச் சொல்லும் அரைவல் நோட்டீஸ் போனது மாஸ்டர் பி.எல்.லில் பேர் இருந்த அவர்களுடைய ஏஜென்ட்டுக்கு. எனக்குச் சேதி வந்தது ஆறாம் நாள். டெமரேஜ் இல்லாமல் பெட்டி டெர்மினலில் இருக்கலாம் என்று எங்களுக்குச் சொன்ன இலவச நாட்கள் 7. பெட்டியை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் வாங்கி, கஸ்டம்ஸ் முடித்து வெளியே எடுத்தபோது 13 ஆகிவிட்டது. ஆறு நாள் டெமரேஜ் என்று பில் அனுப்பினார்கள். டெர்மினல் வாடகை தனி, அதைக் கட்டிவிட்டேன்.

வயிறு எரிந்தது இதற்குப் பிறகுதான். டெமரேஜுக்குக் கப்பல் நிறுவனம் போட்ட அசல் இன்வாய்ஸைக் காட்டுங்கள் என்றேன். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் துருவிப் பார்த்துச் சொன்னார்: கப்பல் நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது 14 இலவச நாள். டெமரேஜ் என்று ஒரு பைசா கேட்கவே இல்லை. அந்த ஆறு நாள் பில் முழுக்க இவர்கள் சமைத்தது. சேதியைத் தாமதமாகச் சொன்னதும் இவர்களே, அந்தத் தாமதத்துக்குக் காசு கேட்டதும் இவர்களே.

இந்தத் துறையில் தகவலைப் பகிர்ந்துகொள்வது சுலபமில்லை என்பது தெரியும். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய, சரக்குத் தகவலைப் பகிரும் ட்ரேட்லென்ஸ் தளத்தையே, துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அங்கே போட்டி நிறுவனங்களுக்குள் தயக்கம். என் விஷயத்தில் தயக்கம் எதுவும் இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் அவர்களுக்கு வருமானம்.

அதனால் கப்பல் கிளம்புவதற்குள் மாஸ்டர் பி.எல். எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இலவச நாள் எத்தனை, எந்த நாளிலிருந்து கணக்கு, டெமரேஜ் வந்தால் கப்பல் நிறுவனத்தின் இன்வாய்ஸ் காட்டுவீர்களா என்பதும் விலைப்புள்ளியிலேயே வர வேண்டும். அப்புறம், டெர்மினலுக்குள் பெட்டி கிடந்தால் டெமரேஜ், வெளியே எடுத்துக் காலிப் பெட்டியைத் திருப்பாவிட்டால் டிடென்ஷன் என்பதுதான் பொதுவான வழக்கம். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பிரித்துக் கேளுங்கள்.

டெமரேஜ் பில்லை நான் கட்டவில்லை. போன வாரம் "அடுத்த ஷிப்மென்ட்டில் சரிக்கட்டித் தருகிறோம்" என்று மெயில் வந்தது. மாஸ்டர் எண் தருவீர்களா என்று கேட்டுப் பதில் எழுதினேன். டிராக்கிங் பக்கத்துக்குப் புது பாஸ்வேர்ட் அனுப்பியிருக்கிறார்கள்.