சையாட்டிகா: எந்த வாரத்தில் எந்த வைத்தியம்?

இடுப்பில் கிளம்பி, பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுண்டி இழுக்கும் சையாட்டிகா வலிக்கு வேலூர்ப் பக்கம் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. மெடிக்கல் கடையில் ஒரு அட்டை மாத்திரை கொடுப்பார்கள். தெருப் பெரியவர் புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்வார். ஒருவர் பெல்ட் என்பார், இன்னொருவர் அசையாமல் படு என்பார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "ஆபரேஷன்தான்" என்று தீர்ப்பு சொல்ல ஒரு உறவினர் நிச்சயம் இருப்பார். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் எல்லோரிடமும் தங்கள் வழியில் குணமானவர்களின் பட்டியல் இருக்கும். பட்டியலும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

காரணம் எளிது. கீழ் முதுகில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று குறிக்கப்படும் இரண்டு இடங்களில்தான், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (ஜவ்வு) அதிகம் பிதுங்குகிறது. பிதுங்கிய பகுதி நரம்பு வேரை அழுத்துவதோடு, அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. வலியின் பெரும்பங்கு அந்த அழற்சியால்தான். பிதுங்கியதை உடல் மெல்ல அரித்துச் சுருக்கிவிடும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் கால் வலி கணிசமாகக் குறைந்துவிடும். ஐந்தாவது வாரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். ஆகவே எந்த வைத்தியத்தையும் இன்னொரு வைத்தியத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. சும்மா காத்திருந்தால் கிடைப்பதைவிட அது கூடுதலாக என்ன தருகிறது என்று கேட்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலையை முதலில் பார்த்துவிடுவோம். சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமல் கசிவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுவதும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலமிழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, ராத்திரியானாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம். காய்ச்சலோடு முதுகு வலி, புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வந்த முதுகு வலி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவையும் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதல்ல.

அடுத்து, காலின் பலம். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடி பத்தடி நடந்து பாருங்கள். பாதம் தொங்கினாலோ, கட்டைவிரலை மேலே தூக்க முடியாவிட்டாலோ பாதிக்கப்பட்டிருப்பது எல்5 நரம்பு. ஒற்றைக் காலில் நின்று, சுவரைத் தொட்டபடி நுனிக்காலில் பத்து முறை எழும்புங்கள். நல்ல காலில் முடிந்து, வலிக்கும் காலில் மூன்று நான்கோடு நின்றுவிட்டால் எஸ்1. இதை நாள்தோறும் செய்து குறித்துவையுங்கள். வலி குறைந்தும் பலம் குறைந்துகொண்டே போனால் அது நல்ல சேதி அல்ல.

படுக்கையா, நடமாட்டமா?

இதில் சந்தேகமே வேண்டாம். 1999-இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஆய்வில், சையாட்டிகாவுக்கு இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களும், வழக்கம்போல் நடமாடியவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து, மலச்சிக்கல் வந்து, முக்கும்போது வலி மின்னலாய் இறங்கும்.

படுக்கும் விதம் மாறினால் இரவு சற்று எளிதாகும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை, மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. பாயில் படுப்பதில் தப்பில்லை. எழுந்திருக்கும் விதம்தான் சிக்கல். பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, முட்டி போட்டு எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை வலியைக் கிளப்பினால் சில வாரத்துக்கு அதன்மேல் ஓட்டை போட்ட நாற்காலி வைத்துக்கொள்ளலாம். குடத்தைப் பாதியளவே நிரப்பி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். டவுன் பஸ்ஸில் கடைசி வரிசை வேண்டாம்.

மாத்திரைகள்: எது எதற்கு?

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் வகைகளுக்குக் கால் வலியில் பலன் உண்டு, ஆனால் சுமார்தான். குறைந்த அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாட்களுக்கு மட்டும் என்றால் சரி. எங்கள் கவலை வெயிலைப் பற்றியது. அக்னி நட்சத்திரத்தில் தோல் பதனிடும் ஆலையிலோ கட்டட வேலையிலோ வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது இவற்றை விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதோடு ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரையும், நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் கூட்டாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொரு பொறி, கூட்டு மாத்திரை. வலி மாத்திரை என்று கொடுக்கப்படுவதிலேயே பாரசிட்டமால் கலந்திருக்கும். அது தெரியாமல் மேலே இரண்டு 650 பாரசிட்டமால் போடுவார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். பெயரில்லாத பொட்டலப் பொடியை வாங்கவே வேண்டாம். ஒரே நாளில் அற்புதமாக வலி போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை பரவலாக எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சையாட்டிகா வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றல்தான் கூடுதலாக வந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியும் சையாட்டிகாவுக்கு இதைத் தர வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். 'நரம்புச் சத்து' என்று தரப்படும் மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12), உடம்பில் பி12 குறைந்தவர்களுக்கு அவசியம், குறிப்பாகச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு. பிதுங்கிய தட்டை அது ஒன்றும் செய்யாது.

கிளினிக்கில் பிட்டத்தில் போடும் வலி ஊசிக்கு ஒரு எச்சரிக்கை. சையாட்டிக் நரம்பு பிட்டத்தின் நடுவில்தான் இறங்குகிறது. பிட்டத்தை நான்காகப் பிரித்தால் வரும் மேல்-வெளிப் பகுதியை விட்டு உள்ளே தள்ளிக் குத்தினால் ஊசியே நரம்பைக் காயப்படுத்தி, பாதம் தொங்கிவிடலாம். குத்திய மறுகணம் கால் முழுக்கக் கரண்ட் அடித்த மாதிரி இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பயிற்சியா, கட்டா, பெல்ட்டா?

பிசியோதெரபி மற்ற இரண்டையும் முந்துகிறது, ஆனால் சரியான பயிற்சி கிடைத்தால் மட்டும். முக்கியமான பிரிவு இது: உட்கார்ந்தால், குனிந்தால், இருமினால் வலி கூடி, நடந்தால் தேவலை என்றால் பெரும்பாலும் தட்டுப் பிதுக்கம். நடந்தால் கால் இறுகி, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் விடுகிறது, சைக்கிள் மிதிக்கத் தடையில்லை என்றால், அதுவும் 60 வயதுக்கு மேல் என்றால், நரம்புக் குழாய் குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். முதலாமவருக்குப் பின்னால் வளையும் பயிற்சி; இரண்டாமவருக்கு அதுவே வலியைக் கூட்டும், மல்லாந்து முழங்காலை மார்புக்கு இழுக்கும் பயிற்சிதான் பொருந்தும். மாற்றிச் செய்துவிட்டு "பிசியோ எனக்கு ஒத்துக்கல" என்பவர்கள் நிறைய.

தட்டுப் பிதுக்கத்துக்கு: குப்புறப் படுத்து இரண்டு நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி இரண்டு நிமிடம். அதுவும் தாங்கினால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டு, மேல் உடம்பை மட்டும் தூக்கி இறக்குவது, பத்து முறை. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், தொடரலாம். வலி கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

நரம்பை நகர்த்தும் பயிற்சி வேறு. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்த வேண்டும். மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். பத்து முறை, பிடித்து நிறுத்தாமல், மெதுவாக. பலர் காலை நீட்டி விரலைத் தொட முயன்று தொடையின் பின்தசையை இழுக்கிறார்கள். அழற்சியில் இருக்கும் நரம்பை இழுப்பது புண்ணைக் கிளறுவதுதான்.

வேலூரில் பயிற்சியை இரண்டாந்தரமாக நினைக்க நியாயமே இல்லை. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டர் மேரி வர்கீஸ் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். பாகாயத்தில் 1966-இலேயே அதற்கெனத் தனி நிலையம் வந்துவிட்டது. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்காக உருவானது. இங்கே எலும்பு முறியவில்லை, கட்டுவதற்கு ஒன்றுமில்லை. சித்த மருத்துவத்தின் தொக்கணமும் (உடம்பு பிடித்துவிடுதல்) தைலமும், நொச்சி இலை ஒத்தடமும் இறுகிய தசையைத் தளர்த்தி இதம் தரும். தட்டை உள்ளே தள்ளாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பை முறுக்குவதும், ஏறி மிதிப்பதும் ஆபத்து. மரத்துப்போன பாதத்தில், அதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு, உப்பு ஒத்தடமோ சுடுநீர்ப் பையோ வைத்தால் வெந்தது தெரியாமல் புண்ணாகிவிடும். பெல்ட்டை நீண்ட பஸ் பயணத்துக்கு மட்டும் போடலாம். இடுப்பை எடை கட்டி இழுக்கும் இழுவை சிகிச்சைக்கு நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை; அதற்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

எம்.ஆர்.ஐ.யை எப்போது எடுப்பது?

பலம் சரியாக இருந்தால் முதல் ஆறு வாரம் தேவையில்லை. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் தட்டு உப்பியிருந்தது. ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று இருப்பதே நோய் ஆகாது. வலிக்கும் காலும் ரிப்போர்ட் சொல்லும் நரம்பும் ஒத்துப்போக வேண்டும். எக்ஸ்ரேயில் தட்டோ நரம்போ தெரியாது.

முதுகு ஊசியா, ஆபரேஷனா?

நரம்பு வேருக்கு அருகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு ஓரளவு வலியைக் குறைக்கும். ஆபரேஷனைத் தவிர்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தூக்கமும் நடையும் கெட்டு, பயிற்சியே செய்ய முடியாதவருக்கு அந்த இடைவெளி உதவும். ஊசி போட்டுவிட்டுப் பயிற்சி செய்யாதவருக்குச் செலவுதான் மிச்சம். சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், வீட்டில் குத்திப் பார்க்க வேண்டும். குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதுகுத்தண்டுக்குள் ரத்தக்கட்டு ஏற்படலாம்.

மைக்ரோடிஸ்கெக்டமி என்ற ஆபரேஷனில் சிறு வெட்டு வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கிறார்கள். பொதுவாக மறுநாளுக்குள் நடக்க வைத்துவிடுவார்கள். அது கால் வலிக்கான ஆபரேஷன். முதுகு வலிக்காகச் செய்துகொண்டால் ஏமாற்றம்தான். நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் வலியோடு இருந்த 283 பேரிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்கள் விரைவில் தேறினார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பும் சமம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாறாக, 4 முதல் 12 மாதம் வரை வலியை இழுத்துக்கொண்டிருந்தவர்களைக் கனடாவில் ஒப்பிட்டபோது (2020), ஆறு மாதம் கழித்து, ஆபரேஷன் செய்தவர்களின் கால் வலி பத்துக்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2. ஆக, இரண்டாவது வாரத்தில் ஆபரேஷனுக்கு ஓடுவதும், வருடம் முழுக்கத் தைலம் தேய்ப்பதும் ஒரே அளவு தவறு. பலம் நாளுக்கு நாள் குறைந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாரத்தை எண்ணாமல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்குச் சேரும் முன்பே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில், அந்த ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே இடத்தில் தட்டு மறுபடி பிதுங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து. அதனால் சுமார் ஆறு வாரம் குடம் தூக்குவதும் தோல் கட்டு சுமப்பதும் இல்லை. குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர்கள் வேலைக்குத் திரும்பும்போது தரையை விட்டு, முதுகுச் சாய்வுள்ள நாற்காலியில் மடிப்பலகை வைத்து உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்க வேண்டும். குழித்தறியில் நெய்பவர்கள் பாவின் பக்கம் முழுதாகக் குனியாதபடி பலகையை உயர்த்திக்கொண்டு, முதல் இரண்டு வாரம் அரை நாள் மட்டும் உட்காரலாம்.