மாலை, சாயங்காலம், அந்தி, மசங்கல்: இருட்டப்போற நேரத்துக்கு எது பொருத்தம்?

சூரியன் மறைஞ்சப்புறம் நம்ம ஊர்ல இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் மங்கலா ஒரு வெளிச்சம் நிக்கும்ல, அந்த நேரத்துக்கு எந்தச் சொல் சரியா ஒட்டுதுன்னு பாக்கலாம்.

சாயங்காலம் முதல்லயே அவுட். பொழுது சாயுற காலம்னு விளக்கம் சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது சமஸ்கிருத ‘சாயம்’, கோயில்ல சாயங்கால பூஜையைச் சாயரட்சைன்னு சொல்றோமே அதே சாயம்தான். அதோட நாலு மணி காபியும் சாயங்காலம், ஆறரை மணி இருட்டும் சாயங்காலம்.

மாலை விஷயத்துலதான் எனக்கு நிஜமாவே வருத்தம். தொல்காப்பியத்துல முல்லைத் திணைக்கு உரிய பொழுது மாலை, நெய்தல் திணைக்கு எற்பாடு. எல்னா சூரியன், பாடுன்னா படுறது, அதாவது பொழுது இறங்குற பிற்பகல் எற்பாடு, அது முடிஞ்சு இருட்டத் தொடங்கினாத்தான் மாலைன்னு பொதுவா பொருள் சொல்றாங்க. “மாலை மலரும் இந்நோய்”னு வள்ளுவர் சொன்ன மாலையும் பிரிஞ்சிருக்கிறவங்களை வாட்டுற அந்த நேரம்தான். இன்னைக்கு பத்திரிகை அடிச்சா ‘மாலை 4 மணி’, வெயில் சுள்ளுனு அடிக்குது! எற்பாட்டைத் தொலைச்சுட்டு அதோட வேலையையும் மாலை தலையிலயே கட்டிட்டோம்.

அந்தி ரொம்பப் பழசு, புறநானூறு 2ஆம் பாட்டுலயே அந்தணர் அந்தியில தங்களோட கடமையைச் செய்றது வருது. சந்தியாங்கிற வடசொல்லோட சொந்தம்னு அகராதி சொல்லுது, தமிழ் வேர்தான்னு வாதாடுறவங்களும் உண்டு. அந்தி மழை அழுதாலும் விடாதுன்னு பழமொழி, அந்திமந்தாரைன்னு பூ, எல்லாம் இருக்கு, ஆனா அந்தின்னா மனசுல முதல்ல வர்றது சிவந்த வானம்தான், தரையில பரவுற மங்கல் இல்ல.

அதைச் சொல்றது மசங்கல். மயங்குறதுதான் மசங்குறது, உயரம் ஒசரம் ஆச்சு, அயர்ந்து அசந்து ஆச்சு, அதே கணக்கு. எதிர்ல ஆள் வர்றது தெரியும், யாருன்னு தெரியாது, அந்த மயக்கம் சொல்லுக்குள்ளயே இருக்கு. கருக்கலும் நல்ல சொல்தான், ஆனா விடியுறதுக்கு முன்னாடியும் கருக்கல்னே சொல்றதால அந்திக்கருக்கல், விடிகருக்கல்னு பிரிக்க வேண்டியிருக்கு. யாழ்ப்பாணத்து மம்மல் பொழுது கடும் போட்டி, பழைய மைம்மல்தான் அது, இலங்கைக்காரங்க அதைத் தாராளமா எழுதணும்.

என் ஓட்டு மசங்கலுக்கு. பேச்சுவழக்குன்னு ஒதுக்காம செய்தியிலயும் ‘மசங்கல் நேரத்தில் விபத்து’ன்னு எழுதலாமே, ‘மாலை 6.30 மணியளவில்’னு போட்டா ரோட்டுல வெளிச்சம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?