பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் கணினிகளில் திருட்டு மென்பொருளை ஏற்றிவிட்டுப் போன பையனைப் போன வாரம் பக்கத்துத் தெருக் கடை வாசலில் பார்த்தேன். கையில் அதே பென்டிரைவ். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிவகாசியில் சின்னதாக ஒரு டிடிபி அலுவலகம் நடத்துகிறேன். ஐந்து கணினிகள், ஒரு சர்வர், எல்லாம் ஒன்றோடொன்று வலையில் இணைந்தவை. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள் என்று கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில்தான் பிழைப்பு. எங்களிடம் இருந்தது பழைய பதிப்பு. புதிய பதிப்பில் செய்த கோப்பு அதில் திறக்காது. "பழைய வெர்ஷனில் சேமித்து அனுப்புங்கள்" என்று தினமும் நாலு பேரிடம் கெஞ்சிச் சலித்துப்போய்த்தான் புதிது வாங்கக் கிளம்பினேன்.

வந்த விற்பனையாளருக்கு வாய் சர்க்கரை. "ஐந்து மெஷினுக்கும் தனித்தனியாக எதற்கு அண்ணாச்சி? நெட்வொர்க் லைசென்ஸ் ஒன்று போட்டால் எல்லாவற்றிலும் ஓடும்" என்றார். 42,000 ரூபாய். இவ்வளவு மலிவா என்று தோன்றியது; தோன்றியதோடு சரி. மறுநாள் வந்த பையன் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஐந்திலும் ஏற்றினான். "ஏன் தம்பி அணைக்கிறாய்?" என்று கேட்டேன். "இருந்தால் நேரமாகும் அண்ணாச்சி" என்றான். நான் அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

ஆடிப்பெருக்கன்று இங்கே புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்கு முந்தைய வாரம் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. சரியாக அந்த வாரம் மூன்று கணினிகளில், உரிமம் செல்லாது என்று சொல்லி, சேமிக்கவும் அச்சிடவும் விடாமல் மென்பொருள் முரண்டு பிடித்தது. விற்பனையாளரின் போன் அடித்து ஓய்ந்தது.

அக்கா மகன் வந்து, மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கணினி ஒன்றில், எந்த இணைய முகவரிக்கு எங்கே போவது என்று குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினான். வரிசையாகப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் 127.0.0.1, அதாவது அந்தக் கணினியின் சொந்த முகவரி; பக்கத்தில் மென்பொருள் நிறுவனத்தின் இணைய முகவரி. "நிறுவனத்தோடு பேசவிடாமல் வாயைக் கட்டியிருக்கிறார்கள் மாமா. மற்ற மூன்றிலும் ஆன்டிவைரஸ் இந்த வரிகளைத் துடைத்துவிட்டது, குட்டு வெளிப்பட்டுவிட்டது" என்றான். ஐந்திலும் ஒரே சீரியல் எண்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். 'மென்பொருள் நிறுவல் – சேவைக் கட்டணம்.' என்ன மென்பொருள், எத்தனை உரிமம், ஒன்றும் இல்லை. ஆள் விவரமானவர். அவர் எனக்கு எதையும் விற்கவே இல்லை, ஏற்றிக் கொடுத்ததற்குக் கூலி வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்!

புகார் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் ஒரு முள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்த பிறகு தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? அன்றே ஐந்திலும் நீக்கினோம். ஆல்பம் வேலையை நண்பரின் அச்சகத்தில் இரவு இரவாக உட்கார்ந்து முடித்தோம்.

நெட்வொர்க் உரிமம் என்பது பொய்யல்ல. சர்வரில் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று எண்ணும். மாறி மாறி வேலை செய்யும் அலுவலகத்துக்கு அதனால் லாபம். என்னிடம் ஐந்து பேரும் காலை முதல் இரவு வரை வரைகிறார்கள். அப்படியானால் ஐந்து உரிமம் வேண்டும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளின் தனிநபர் சந்தாவையும் இப்படி 'ஒன்று போதும்' என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டு கணினிகளில் உள்நுழையலாம், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றில்தான் வேலை செய்யலாம்.

இப்போது இரண்டு உரிமம் முறையாக வாங்கியிருக்கிறேன். மற்ற மூன்றில் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். இலவசம், எத்தனை கணினியிலும் போடலாம். ஆப்செட்டுக்கு நான்கு வண்ணம் பிரிப்பதில் அது இன்னும் தடுமாறுகிறது என்பதால், கோட்டோவியத்தை மட்டும் அதில் வரைந்து கோரலுக்குக் கொண்டுவருகிறோம். இந்த முறை பில்லில் மென்பொருளின் பெயர், பதிப்பு, உரிமத்தின் எண்ணிக்கை மூன்றையும் எழுதச் சொன்னேன். உரிமத்தை என் மின்னஞ்சலில் பதிந்து, கணக்குக்குள் நானே நுழைந்து பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணி வைத்தேன்.